ஈரலில் ‘சி’ கிருமி: பத்தியம் வேண்டாம், பசியாறச் சாப்பிடுங்கள்

குடும்ப நலப் பாடம்

காமாலை என்ற சொல் காதில் விழுந்தாலே போதும், நம் வீடுகளில் முதலில் நின்று போவது நோயாளியின் சாப்பாடுதான். உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, பருப்பு ஆகாது, முட்டை ஆகவே ஆகாது என்பார்கள். மோர் சாதம், இளநீர், கரும்புச் சாறு, இதற்கு மேல் எதுவும் தர மாட்டார்கள். ஈரலில் எந்த நோய் என்றாலும் இதே பத்தியந்தான்.

‘ஹெபடைடிஸ் சி’ என்னும் கிருமி இரத்தத்தில் இருப்பதாகத் தெரிய வந்தவர்களுக்கும் இன்று பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. வயிறு காய்கிறது, உடம்பு இளைக்கிறது, டானிக் பாட்டில்கள் மட்டும் வரிசையாகச் சேருகின்றன. கிருமியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்டவர் எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும், எந்தச் சத்து மருந்தை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இது எந்தக் காமாலை?

ஈரலைத் தாக்கும் கிருமிகள் பல உண்டு. அவற்றில் ‘ஏ’, ‘ஈ’ என்ற இரண்டும் கெட்ட தண்ணீர், சுத்தமில்லாத உணவு மூலம் பரவுகின்றன. இவற்றால் கண் மஞ்சளாகும், சிறுநீர் மஞ்சளாகும், குமட்டல் வரும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகி விடும். ஆனால் கர்ப்பிணிகளுக்கு ‘ஈ’ கிருமி ஆபத்தானது. அவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

‘சி’ கிருமி அப்படியல்ல. இது இரத்தத்தின் மூலம் பரவுவது. சுத்தம் செய்யாத ஊசி, பலருக்கும் பயன்பட்ட பச்சை குத்தும் ஊசி, சவரக் கத்தி, பரிசோதிக்காமல் ஏற்றிய இரத்தம் ஆகியவற்றால் வரலாம். தானமாகக் கிடைக்கும் இரத்தத்தை இந்தக் கிருமிக்காகப் பரிசோதிப்பது நம் நாட்டில் கட்டாயமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், சிறுநீரகக் கோளாறுக்காக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

இந்தக் கிருமி உடம்பில் புகுந்தால் பெரும்பாலும் கண் மஞ்சளாவதில்லை. வலியும் இருக்காது. 100 பேருக்கு வந்தால் சுமார் 30 பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். மீதி 70 பேருக்கு உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கிருமி ஈரலில் சிறுகச் சிறுகத் தழும்பு உண்டாக்கும். இருபது ஆண்டுகளுக்குள் இவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு ஈரல் சுருங்கி இறுகிப் போகக்கூடும். ‘ஈரல் சுருக்கம்’ என்று டாக்டர் சொல்வது இதைத்தான்.

நோயைத் தீர்ப்பது எது?

இந்தக் கிருமி 1989-ம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. இதைக் கண்டறிந்ததற்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் என்னும் மூவருக்கு 2020-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முன்பு இதற்கு ஓராண்டு வரையிலும் ஊசி போட வேண்டியிருந்தது. காய்ச்சலும் சோர்வும் படுத்தும். பலருக்குக் குணமும் ஆகவில்லை.

இன்று நிலைமை வேறு. சோபாஸ்புவிர், டக்ளடாஸ்விர், வெல்படாஸ்விர் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். ஈரல் மிகவும் கெட்டிருந்தால் டாக்டர் 24 வாரம் வரை நீட்டலாம். ஒழுங்காகச் சாப்பிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் கிருமி முற்றிலும் ஒழிந்துவிடுகிறது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், இதற்கான அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

ஆகவே ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கிருமியை ஒழிப்பது மாத்திரை. உடம்பைத் தாங்குவது சாப்பாடு. சாப்பாட்டாலோ பத்தியத்தாலோ டானிக்காலோ இந்தக் கிருமி போகாது. அதேபோல், மாத்திரை சாப்பிடுகிறோமே என்று சாப்பாட்டை விட்டுவிடவும் கூடாது.

பத்தியம் ஏன் கெடுதல்?

நாம் சாப்பிடுவதில் ஒரு பகுதியை ஈரல் சேமித்து வைத்துக்கொள்கிறது. இராத்திரி தூங்கும்போது அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து உடம்புக்குக் கொடுக்கிறது. வீட்டுக் குதிரில் நெல் இருப்பது மாதிரி. ஈரல் இறுகிப் போனவருக்குக் குதிர் சிறுத்துவிடுகிறது. சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே கையிருப்பு தீர்ந்துவிடும். அப்போது உடம்பு என்ன செய்யும்? தன் தசையையே கரைத்து எரிக்கும். கை கால் மெலியும், நடக்கத் தெம்பிருக்காது, காய்ச்சலும் சளியும் எளிதில் பிடிக்கும். ‘நோய் முற்றிவிட்டது’ என்று நாம் நினைப்பதில் பாதி, பட்டினியால் வந்ததாக இருக்கலாம்.

ஈரல் சுருக்கம் இல்லாதவருக்கோ தனிச் சாப்பாடே தேவையில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிடும் சத்தான சாப்பாடே அவருக்கும் போதும். எண்ணெய், உப்பு, காரம் எல்லோருக்கும் உள்ள அளவே. பருப்பு, முட்டை, மீன், கோழி, பால், தயிர் எல்லாமே சாப்பிடலாம்.

ஒரு நாள் சாப்பாடு: ஒரு மாதிரி

60 கிலோ எடையுள்ள, ஈரல் சுருக்கம் உள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 90 கிராம் வரை புரதம் தேவை. இதற்கு விலையுயர்ந்த புரத மாவு டப்பா வேண்டியதில்லை. நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

காலை: இட்லி நான்கு, கெட்டியான சாம்பார், ஒரு தம்ளர் காப்பி அல்லது பால்.
பதினோரு மணி: ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, மோர்.
மதியம்: சோறு, பருப்புக் குழம்பு, கீரை அல்லது காய்ப் பொரியல், இரண்டு முட்டை அல்லது ஒரு துண்டு மீன், தயிர்.
மாலை: ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது பாசிப்பயறு, ஒரு வாழைப்பழம் அல்லது கொய்யாப்பழம்.
இரவு: சப்பாத்தி அல்லது தோசை, பருப்புக் கூட்டு.
படுக்கப் போகுமுன்: ஒரு தம்ளர் பால், இரண்டு பிஸ்கட்டு அல்லது ஒரு இட்லி.

இதில் ஏறத்தாழ 80 கிராம் புரதம் கிடைத்துவிடும். முட்டையும் மீனும் சாப்பிடாதவர்கள் பயறு, பருப்பு, பால், தயிரைக் கூட்டிக்கொள்ளலாம். கடைசி வரியைக் கவனியுங்கள். ஈரல் சுருக்கம் உள்ளவர் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது. படுக்குமுன் ஒரு சிறு ஆகாரம் தசையைக் காக்கும்.

ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பிட முடியவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு மட்டும் பழம், பால், பருப்பு, தண்ணீர் இவற்றின் அளவு வேறு. அதை அவருடைய சிறுநீரக டாக்டரிடம் கேட்க வேண்டும்.

யார் எதைக் குறைக்க வேண்டும்?

1. மது: எல்லோரும் அடியோடு நிறுத்த வேண்டும். கிருமி ஒரு பக்கம், மது ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்தால் ஈரல் சீக்கிரம் சுருங்கும். ‘பீர்தானே, ஒயின்தானே’ என்பதெல்லாம் சமாதானம். நிறுத்தக் கஷ்டப்படுபவர் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி உதவி கேட்கலாம்.

2. எடை கூடியவர்கள், சர்க்கரை நோயாளிகள்: சர்க்கரை, குளிர்பானம், கரும்புச் சாறு, எண்ணெயில் பொரித்த பலகாரம் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். ஈரலில் கொழுப்பும் சேர்ந்தால் தழும்பு கூடும். காமாலைக்கு நல்லது என்று குளுக்கோஸ் தண்ணீர் குடிப்பதும் வேண்டாம். மாத்திரை ஆரம்பித்த பின் இரத்தச் சர்க்கரை இறங்கக்கூடும். ஆகவே அடிக்கடி பரிசோதித்து, சர்க்கரை மருந்தின் அளவை டாக்டரிடம் சரி செய்துகொள்ள வேண்டும்.

3. வயிற்றிலும் காலிலும் நீர் கோத்தவர்கள்: இவர்களுக்கு மட்டுமே உப்புக் கட்டுப்பாடு முக்கியம். சமையலில் சேர்ப்பதையும் சேர்த்து நாளொன்றுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்பு. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, மிக்சர் வேண்டாம். அதற்காக உப்பே இல்லாமல் கொடுத்தால் சாப்பாடே இறங்காது. எலுமிச்சம் பழம், இஞ்சி, மல்லித்தழை, சீரகம் சேர்த்து ருசியாகச் செய்யுங்கள். ‘சோடியம் இல்லாத உப்பு’ என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். அதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

4. எல்லோருக்கும்: பூசணம் பிடித்த வேர்க்கடலை, சோளம், தேங்காயைக் கழுவித் துடைத்துப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். சிலவகைப் பூசணத்தின் நஞ்சு ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும்.

காப்பி குடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சர்க்கரை குறைத்து இரண்டு மூன்று தம்ளர் குடிக்கலாம். காப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் காப்பி மருந்தல்ல. பழக்கமில்லாதவர் இதற்காகக் குடிக்க ஆரம்பிக்க வேண்டியதில்லை.

டானிக், மூலிகை, சத்து மாத்திரை: ஓர் உரையாடல்

அக்கா: நர்ஸம்மா, எங்க வீட்டுக்காரருக்கு இரத்தத்திலே ‘சி’ கிருமி இருக்குன்னு பெரியாஸ்பத்திரியிலே சொல்லிட்டாங்க. பன்னிரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதி, முதல் மாசத்துக்குக் கையிலேயும் கொடுத்துட்டாங்க.

செவிலியர்: நல்லது அக்கா. சாப்பிட ஆரம்பிச்சாச்சா?

அக்கா: இன்னும் இல்லே. பீரோவிலே வெச்சிருக்கு. ‘அந்த மாத்திரை சூடு, ஈரலை இன்னும் கெடுத்துடும், முதல்லே ஒரு மண்டலம் கீழாநெல்லி கொடு’ன்னு எங்க மாமியார் சொல்றாங்க. அவங்க தம்பிக்கு அதுலேதான் காமாலை போச்சாம்.

செவிலியர்: அவங்க சொல்றது பொய்யில்லே. அவங்க தம்பிக்குக் காமாலை போனது நிஜம். ஆனா அது பெரும்பாலும் தண்ணியிலே வர்ற காமாலையா இருக்கும். அது கீழாநெல்லி குடிச்சாலும் போகும், குடிக்காட்டியும் போகும். உங்க வீட்டுக்காரருக்கு இருக்கிறது தானாப் போற ஜாதி இல்லே.

அக்கா: கீழாநெல்லிக்கு மெட்ராஸ்லேயே ஆராய்ச்சி நடந்திருக்குன்னு மருந்துக் கடைக்காரர் சொன்னாரே?

செவிலியர்: நடந்தது உண்மைதான். 1988-லே அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. ஆனா அது ‘பி’ கிருமியைப் பத்தினது, ‘சி’ இல்லே. அப்புறம் வேற இடங்களிலே செய்து பார்த்தப்போ அந்தப் பலன் கிடைக்கலே.

அக்கா: ‘லிவர் டானிக்’னு ஒண்ணு மாசம் தவறாம வாங்குறோமே, சிலிமரின்னு போட்டிருக்கு.

செவிலியர்: அதையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2012-லே வெளியான அமெரிக்க ஆய்வு. ‘சி’ கிருமி இருந்த 154 பேர். சிலருக்குச் சிலிமரின், சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, 24 வாரம். கடைசியிலே ஈரல் பரிசோதனையிலே ரெண்டு பக்கமும் பெரிசா வித்தியாசம் இல்லே.

அக்கா: பலன் இல்லாட்டிப் போகுது, கெடுதல் இல்லையே? குடிச்சுட்டுப் போகட்டுமே.

செவிலியர்: முதல் கெடுதல் காசு அக்கா. அந்தக் காசுக்குத் தினம் ரெண்டு முட்டையும் பாலும் வரும். ரெண்டாவது, எல்லா மூலிகையும் ஒரே மாதிரி இல்லே. சீந்தில் கொடி சாப்பிட்டு ஈரல் வீங்கின ஆறு பேரைப் பத்தி 2021-லே மும்பை டாக்டர்கள் எழுதியிருக்காங்க. கிரீன் டீ சாரத்தை அடைச்ச மாத்திரை, மஞ்சளைச் செறிவாக்கின மாத்திரை, இதாலேயும் ஈரல் கெட்டுப் போனவங்க உண்டு.

அக்கா: ஐயையோ, அப்போ குழம்பிலே மஞ்சளே போடக் கூடாதா?

செவிலியர்: குழம்பிலே தாராளமாப் போடுங்க. சமையலுக்குப் போடுற அளவு வேற, மாத்திரையிலே அடைக்கிற அளவு வேற.

அக்கா: இரத்தம் ஊறட்டும்னு இரும்பு டானிக் கொடுக்கிறேன். அதாவது சரிதானே?

செவிலியர்: அதையும் நீங்களா கொடுக்காதீங்க. இந்தக் கிருமி இருக்கிறவங்களுக்கு ஈரல்லே ஏற்கெனவே இரும்பு கூடுதலாச் சேரலாம். அது மேல இரும்பைக் கொட்டினா ஈரலுக்குச் சுமை. இரத்தப் பரிசோதனையிலே இரும்பு குறைவுன்னு தெரிஞ்சு டாக்டர் எழுதினா மட்டும் கொடுங்க. முருங்கைக்கீரை, பேரீச்சம் பழம் சாப்பாட்டோட சாப்பிடலாம், பயமில்லே.

அக்கா: மாத்திரை உண்மையிலேயே சூடு இல்லையா?

செவிலியர்: கொஞ்சம் தலைவலி, அசதி வரலாம். பெரும்பாலானவங்களுக்கு அவ்வளவுதான். பீரோவிலே இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமிக்குத்தான் லாபம். நாளைக்கே உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. மாமியாரையும் கூப்பிடுங்க. அவங்களுக்கும் டாக்டரே சொல்லட்டும்.

சத்து மாத்திரைகளில் கவனிக்க வேண்டியவை

வைட்டமின் ஏ, நியாசின் ஆகியவை அதிக அளவில் ஈரலைக் கெடுக்கும். மீன் எண்ணெய் மாத்திரை, பல சத்து மாத்திரை என்று இரண்டு மூன்றை ஒன்றாகச் சாப்பிட்டால் ஒரே சத்து பல மடங்கு ஏறிவிடும். வைட்டமின் டி, துத்தநாகம் ஆகியவை ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்குக் குறைவாக இருப்பதுண்டு. குறைவு இருந்தால் டாக்டர் எழுதுவார். அப்போது அதைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.

தலைவலி, காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையிலும் எச்சரிக்கை வேண்டும். ஈரல் சுருக்கம் உள்ளவர் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் சாப்பிடக் கூடாது. டைக்ளோபினாக், ஐபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடும் 12 வாரங்களில்

ஒரு நாளும் விடாமல், ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான பெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவை இந்த மாத்திரையின் பலனைக் கெடுத்துவிடும். சில இருதய மருந்துகளோடும் சேராது. நெஞ்செரிச்சல் மருந்தும் வெல்படாஸ்விரை உடம்பில் சேர விடாமல் செய்யலாம். இவற்றைச் சாப்பிடுபவர் தாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை, டானிக், லேகியம், சூரணத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுவது எளிய வழி.

‘பி’ கிருமியும் இருக்கிறதா என்று சிகிச்சைக்கு முன் சோதிப்பார்கள். இல்லையென்றால் ‘பி’ கிருமிக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ‘சி’ கிருமிக்குத் தடுப்பூசி இல்லை.

ரிபாவிரின் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், கணவன் சாப்பிட்டாலும் மனைவி சாப்பிட்டாலும், அந்தக் காலத்திலும் முடிந்து ஆறு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. ஏற்ற கருத்தடை முறையைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாத்திரையால் இரத்தம் குறைந்தால் இரும்பு டானிக் அதைச் சரி செய்யாது. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஒரு கடைசிப் பரிசோதனை உண்டு. அதில் கிருமி இல்லையென்றால் குணமாகிவிட்டது. முதலில் எடுத்த ‘ஆன்டிபாடி’ சோதனை குணமான பின்னும் ‘இருக்கிறது’ என்றே காட்டும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஒருமுறை குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம். ஈரல் சுருக்கம் வந்தவர் குணமான பின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனித் தட்டு வேண்டாம்

சில வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், திண்ணையில் தனிப் பாய். இது வீண் பயம். ஒரே பந்தியில் சாப்பிடுவதாலோ, ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிப்பதாலோ, குழந்தையைக் கொஞ்சுவதாலோ இந்தக் கிருமி பரவாது. அவர் சமைத்ததை எல்லோரும் சாப்பிடலாம். தனியாக இருக்க வேண்டியவை சவரக் கத்தி, பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, இவை மட்டுந்தான். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குச் சோறு இறங்காது. கூட்டி உட்கார வைத்துப் பரிமாறுவதும் ஒரு சிகிச்சைதான்.

தாய்மார்களுக்கு

‘சி’ கிருமி உள்ள தாய்க்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் ஐந்தாறு குழந்தைகளுக்கே இது தொற்றுகிறது. தாய்ப்பால் மூலம் பரவுவதில்லை. தாராளமாகப் பால் கொடுக்கலாம். மார்க்காம்பில் வெடிப்பு ஏற்பட்டு இரத்தம் கசிந்தால் மட்டும், ஆறும் வரை அந்தப் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச் சத்து, போலிக் அமில மாத்திரைகளை மேலே சொன்னதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். அளவை டாக்டர் முடிவு செய்வார். ‘சி’ கிருமிக்கான மாத்திரையை வழக்கமாகப் பிரசவத்துக்குப் பிறகே தொடங்குவார்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

இரத்த வாந்தி, தார் போல் கருத்த மலம், குழப்பமான பேச்சு, பகலெல்லாம் தூக்கம், வயிறு வீக்கத்துடன் காய்ச்சல், கண் மஞ்சள் கூடுதல். இவற்றில் ஒன்று கண்டாலும் கஷாயம் வைத்துப் பார்க்க வேண்டாம்.

நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்

1. தானாகப் போகும் காமாலைக்கும் ‘சி’ கிருமிக்கும் என்ன வித்தியாசம்?
2. ஈரல் சுருக்கம் உள்ளவர் படுக்குமுன் ஏன் சாப்பிட வேண்டும்?
3. உப்பை யார் குறைக்க வேண்டும்? எவ்வளவு?
4. இரும்பு டானிக்கை யாரைக் கேட்டு வாங்க வேண்டும்?
5. உங்கள் வீட்டில் மாத்திரை பெட்டியிலேயே தூங்குகிறதா?

ஐந்தாவது கேள்விக்கு ‘ஆம்’ என்றால், இந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

வயிறு காயாத சாப்பாடு, நாள் தவறாத மாத்திரை: ஈரலுக்கு இதுவே காவல்.